இடது முன் சக்கரம்

வலது முன் சக்கரம் பளிச்சென்று இருந்தது.

இடது முன் சக்கரம் அடுப்புக் கரியாக இருந்தது.

பிரஷ்ஷோடு குத்தவைத்து உட்கார்ந்தவள் எழுந்து அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து இதைப் பார்த்தாள்.

"ஒண்ணை மட்டும் கழுவிட்டீங்களா?"

கொழுந்தன் செங்கோடன் குழாயில் ஹோஸ் பைப்பை மாட்டிக்கொண்டிருந்தான். "இல்லீங்க அண்ணி. நான் இன்னும் வண்டிகிட்டயே போகல."

காரியம் முடிந்து சொந்தமெல்லாம் ஊருக்குப் போய்விட்டது. மதியம் காரை வாங்க ஆள் வருகிறார். செத்துப்போன புருஷனின் வண்டியைப் பார்த்துத் தினமும் கண் விழிக்க அவளால் ஆகாது.

கறுப்பை விரலால் தொட்டாள். மாவாக அப்பிக்கொண்டது.

பிரேக் தேய்ந்து கொட்டும் தூசி.

அவருக்கு அது கண்ணிலேயே ஆகாது. காலையில் நான்கு சக்கரத்தையும் துடைக்காமல் காபி குடிக்கமாட்டார். தூசி ஒட்டக்கூடாது என்று மெழுகு வேறு பூசிவைப்பார். பொண்டாட்டியை மறந்தாலும் சக்கரத்தை மறக்கமாட்டார் என்று வீட்டில் எல்லோரும் கேலி பேசுவார்கள்.

மலைக் கோயிலுக்குப் போய்வந்தால் கேட்கவே வேண்டாம். இறங்கியதும் அடிவாரத்தில் வண்டியை ஓரங்கட்டிவிடுவார். எல்லோரும் வெயிலில் நிற்க, முன் சக்கரம் இரண்டையும் துடைத்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புவார்.

"ஏறையில பிரேக்குக்கு வேலையே இல்ல. எறங்கையிலதான் இப்படிக் கொட்டும்," என்று கறுத்த விரலைக் காட்டுவார்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

செத்த அன்று காலையிலும் துடைத்துவிட்டுத்தான் போனார். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சண்டை. எதற்கென்று இப்போது சொன்னால் சிரிப்பார்கள். நஷ்டத்தில் கடையை இழுத்து மூடிய பிறகு அவர் சரியாகவே இல்லை. அது அவளுக்குத் தெரிந்தும் இருந்தது.

வண்டி மலை உச்சியில் நின்றிருந்தது. அவர் கீழே பள்ளத்தில் கிடந்தார்.

சாவி கிடைக்கவில்லை. காரை லாரியில் ஏற்றித்தான் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்கள். வழியில் இந்தச் சக்கரம் உருளவே இல்லை.

பிறகு இந்த இறக்கத்தை யார் இறங்கியது?

அவள் பூட்டாமல் கிடந்த ஓட்டுநர் கதவைத் திறந்தாள். கதவுப் பையில் துடைக்கும் துணி இருந்தது. ஒரு பாதி கன்னங்கரேல். மறுபாதி மடிப்புக்கூடக் கலையவில்லை.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவர் இறங்கி வந்திருக்கிறார். எல்லா வளைவும் பிரேக் போட்டுப் போட்டு, அடிவாரம்வரை வந்திருக்கிறார். வீட்டுக்குக் கிளம்புகிறவர் செய்வதைச் செய்திருக்கிறார். வலது சக்கரத்தை முடித்துவிட்டார்.

அப்புறம் போனை எடுத்திருக்கிறார்.

"என்ன பண்ற?" என்றுதான் கேட்டார்.

"நீங்க வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான்," என்றாள். வைத்துவிட்டாள்.

இதை அவள் செங்கோடன் ஒருவனிடம்தான் சொல்லியிருந்தாள். எரித்துவிட்டு வந்த அன்றைக்கு, அழுகைக்கு நடுவில். அவன் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. திட்டவில்லை.

"அது மலை மேல நின்னு பேசுன பேச்சுங்க அண்ணி. அண்ணன் முடிவு பண்ணிட்டுத்தான் ஏறுச்சு. நீங்க தேனாப் பேசியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்."

அதற்கப்புறம் தினமும் சொன்னான். அவள் சாப்பிடாமல் தட்டைத் தள்ளும்போது சொன்னான். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது சொன்னான். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நடமாடினாள்.

"என்னங்க அண்ணி, தலை சுத்துதுங்களா? நகருங்க, நான் கழுவுறேன்."

"வேண்டாம்."

துணியின் வெள்ளைப் பாதியைப் பிரித்தாள். சக்கரத்தில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். வந்துவிட்டது. அவர் பூசிய மெழுகு இன்னும் இருந்தது. தேய்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

இவ்வளவுதான் வேலை. இதைக்கூட அவரை முடிக்கவிடவில்லை அவள்.

ஒவ்வொரு இடுக்காகத் துடைத்தாள். துணி முழுக்கக் கறுத்தது. தண்ணீர் விட்டாள். கறுப்பு வாசல் வழியாக ஓடிச் சாக்கடையில் இறங்கியது. சுத்தமாக இருந்த வலது சக்கரத்தை அவள் தொடவில்லை.

மதியம் ஆள் வந்தார். சேலத்துக்காரர், நல்ல மாதிரி. பானட்டைத் திறந்து பார்த்தார். டயரை அமுக்கினார்.

"மலைக்கெல்லாம் ஓடுன வண்டிங்களா?"

"எப்பவாச்சும் ஏறியிருக்குமுங்க," என்றான் செங்கோடன், அவளைப் பார்க்காமல்.

அவர் குனிந்து இடது சக்கரத்தில் விரலை ஓட்டினார். விரலைப் பார்த்தார். "ஒரு பொட்டுத் தூசி இல்ல. மலை எறங்குன வண்டின்னு யாரும் சொல்லமாட்டாங்க."

"எறங்குச்சுங்க," என்றாள் அவள்.

செங்கோடன் திரும்பினான்.

"அன்னைக்கு எறங்கி வந்துட்டாருங்க. அடிவாரத்துல நின்னுதான் எனக்குப் போன் பண்ணுனாரு. அப்புறம் திரும்ப ஏறுனாரு."

வந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்துவைத்தார்.

செங்கோடன் வாயைத் திறந்தான். தினமும் அவளிடம் சொல்வதைச் சொல்லத்தான் திறந்தான்.

சொல்லவில்லை.