நண்டு நேராக நடந்த காலம்

நண்டுகள் நம்மைப் போல நேராக நடந்த காலத்தில் நடந்தது இது. நம்பாவிட்டால் நண்டையே கேட்டுப் பாருங்கள்.

மேல்வயல், நடுவயல், கீழ்வயல் என்று அடுத்தடுத்து மூன்று வயல்கள். வயலுக்கொரு நண்டு. ஆளுக்கொரு பக்கம் வரப்பில் துளை போட்டுத் தண்ணீரைத் திருடியதில் மூன்று வயலும் காய்ந்து போயின. கடைசியில் மூன்றும் கூடிப் பேசின. துளைகளை எல்லாம் அடைத்துவிடுவது, இனிமேல் மடை வழியாக முறைவைத்துத் தண்ணீர் விடுவது என்று முடிவானது. அந்த வருடம் மூன்று வயலிலும் நண்டுகளுக்கு இரையாக நத்தைகள் கொழுத்தன.

நடுவயல் நண்டு மட்டும் மேல்வரப்பில் ஒரு துளையை அடைக்காமல் புல்லால் மூடி வைத்திருந்தது. விரல் கனம்தானே, யாருக்குத் தெரியப்போகிறது?

அடைமழையில் அந்தத் துளை வாய் பிளந்தது. வரப்பு உடைந்து, வெள்ளம் அதன் வளைக்குள்ளேயே பாய்ந்தது. உள்ளே குஞ்சுகள்.

கூப்பிடாமலே மற்ற இரண்டும் மண்ணை அள்ளிக்கொண்டு ஓடி வந்தன.

"என்மேலதான் தப்பு அண்ணே. இந்த வரப்பை நான் ஒழுங்காப் பார்க்கலை" என்றது மேல்வயல் நண்டு.

"பஞ்சாயத்தை அப்புறம் வச்சுக்கலாம், மண்ணைப் போடுய்யா!" என்றது கீழ்வயல் நண்டு.

குஞ்சுகள் பிழைத்தன. நடுவயல் நண்டு உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தது. நுரைதான் வந்தது. அவற்றின் முகத்தைப் பார்க்க முடியாமல் பக்கவாட்டில் நகர்ந்து வளைக்குள் போய்விட்டது.

மற்ற இரண்டும் கொடுக்கில் ஒட்டிய மண்ணை உதறின. பிறகு, ஒன்றையொன்று பார்க்காமல் அவையும் பக்கவாட்டிலேயே வீடு திரும்பின. அவற்றின் வரப்பில் எங்கெங்கே புல் மூடியிருந்ததோ, நான் போய்ப் பார்க்கவில்லை.