எல்லம்மாவின் சேவல்

"பேசறதெல்லாம் ஒரு சாதனையா மேடம்?"

தலைமை எழுத்தர் பரந்தாமன் படிவத்தைத் திருப்பி நீட்டினார். எதிரே நின்ற கேப்டன் ரேணுகாவுக்குச் சுருக்கென்றது. ஆவடிப் பக்கத்து அந்த ராணுவ மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பொறுப்பு நர்ஸ் அவள். தோளில் மூன்று நட்சத்திரம் இருந்து என்ன, பரந்தாமனின் மேஜைக்கு முன்னால் யாராக இருந்தாலும் கொஞ்சம் பணிந்துதான் போக வேண்டும்.

மருத்துவமனை நாள் விழாவில் பாராட்டுப் பத்திரம் வாங்குகிறவர்களின் பட்டியல் அன்று சாயங்காலத்துக்குள் கமாண்டன்ட்டிடம் போயாக வேண்டும். ரேணுகா எழுதிக் கொடுத்த பெயர் எல்லம்மா. வார்டைத் துடைக்கிற ஒப்பந்த ஆயா.

"லேப் கிருபாகரனைப் பாருங்க. சாதனைங்கற கட்டத்துல 'பதினோராயிரம் பரிசோதனை'ன்னு போட்டிருக்கார். அப்படி இருக்கணும். இந்தம்மாவுக்கு என்ன போடறது? 'தினமும் பேசினார்'னா?"

"அஞ்சு மாசமா பேசறாங்க சார். ஏழாம் நம்பர் கட்டில் பையன்கிட்ட, ஒரு நாள் விடாம."

"நினைவே இல்லாதவன்கிட்ட! செவிடன் காதுல ஊதின சங்கு. அதுவும் அந்தப் பையன்கிட்ட!" பரந்தாமன் சிரித்தார். "உங்களுக்குத் தெரியாததா?"

"பத்திரம் கிடைச்சா வார்டுலயே வெச்சுக்கலாம் சார். இல்லேன்னா தோட்ட வேலைக்கு மாத்திடுவாங்க."

"மாத்தியாச்சு மேடம். திங்கட்கிழமையிலேருந்து." இன்னொரு தாளை எடுத்துக் காட்டினார். "வாங்க, கையெழுத்து வாங்கிட்டு வந்துடலாம். உங்க சாதனையாளரையும் ஒரு தடவை பார்த்த மாதிரி இருக்கும்."

ரேணுகா படிவத்தை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.

அந்தப் பையன் ஒரு சிப்பாய். பயிற்சிக்கு வந்தவன். ரயிலை விட்டு இறங்கிய அன்றே, ஏறி வந்த லாரி கவிழ்ந்து தலையில் பலத்த அடி. அன்று போன நினைவு. நான்கு நாளாகத்தான் கண்ணைத் திறந்து கூரையைப் பார்க்கிறான். இனிமேல் பேச்சு வருமா என்று கேட்டால் டாக்டர்களே உதட்டைப் பிதுக்கினார்கள்.

எல்லம்மா எந்த டாக்டரையும் கேட்கவில்லை. வந்த நாளிலிருந்தே அவனிடம் வாய் ஓயாமல் பேச்சு. வெள்ளானூருக்கு பஸ் வராதது, மருமகள் தாட்சாயிணி கோபித்துக்கொண்டு கொரட்டூருக்குப் போனது, போன மாதம் வீட்டுச் சேவல் காணாமல் போனது வரை ஒன்று பாக்கியில்லை. ரேணுகாவே ஒருமுறை சலித்துப்போய், "அவனுக்கு என்ன புரியும்னு இப்படிப் பேசறீங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

"பொறந்த கொயந்தைக்கு இன்னாம்மா புரியுது? நாம பேசிக்கினே இருந்தாதானே அதுக்கும் பேச்சு வருது?" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து சேவல் கதையைத் தொடர்ந்தாள் எல்லம்மா.

இப்போதும் ஏழாம் நம்பர் கட்டிலுக்கு அடியில் துடைத்துக்கொண்டு பேசிக்கொண்டுதான் இருந்தாள். பரந்தாமன் தாளை நீட்டினார்.

"திங்கட்கிழமையிலேருந்து உங்களுக்குத் தோட்டத்துல வேலைம்மா. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

எல்லம்மாவின் முகம் சுண்டிவிட்டது. ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

"அப்போ இவன யாரு சார் பாத்துப்பாங்கோ?"

"நர்ஸுங்க இல்லையா?"

"அவங்கோ நல்லாத்தான் பாத்துப்பாங்கோ. பேசுவாங்களா?"

பரந்தாமன் தாளை மடித்தார். ரேணுகா தலையைக் குனிந்துகொண்டாள். எல்லம்மா கட்டிலருகே போய்ப் பையனின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"நைனா, அக்காவ தோட்டத்துல போட்டுகிறாங்கோ. நீ பயப்படாத, இன்னா? ஜன்னலாண்ட வந்து கொரல் குடுக்கறேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு வாளியைத் தூக்கினாள். இரண்டடி வைத்திருப்பாள்.

"அக்கா..."

துருப்பிடித்த கதவு திறப்பதுபோல ஒரு குரல். கட்டிலிலிருந்து வந்தது. எல்லம்மாவின் கையிலிருந்த வாளி நழுவித் தரையெல்லாம் தண்ணீர் ஓடியது.

பையன் தலையைத் திருப்பி அவளையே பார்த்தான். உதடுகள் பாடுபட்டு அசைந்தன.

"அக்கா... சேவலு இன்னா ஆச்சு?"

பன்னிரண்டு வருட வேலையில் இப்படி ஒன்றை ரேணுகா கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. டாக்டரைக் கூப்பிட ஓட வேண்டும் என்பதுகூட ஒரு நிமிஷம் மறந்துபோயிற்று.

எல்லம்மா மட்டும் திகைக்கவில்லை. அழுதுகொண்டே சிரித்தாள். "கெடச்சுடுச்சு நைனா! பக்கத்தூட்டு மாடில கீது! மொதல்ல நீ எய்ந்து உக்காரு, எல்லாத்தையும் சொல்றேன்!"

டாக்டர்கள் ஓடி வந்தார்கள். பரந்தாமன் சுவரோரமாக ஒதுங்கி நின்றார். அரசாங்கக் காகிதம் ஒன்றைக்கூட ஆயுளில் கிழித்தறியாத மனிதர், அந்த மாற்றல் தாளை நான்காகக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"படிவத்தைக் கொடுங்க மேடம்."

"சாதனைக் கட்டத்துல என்ன சார் போடறது?" ரேணுகா படிவத்தை நீட்டினாள்.

பரந்தாமன் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய பையனின் கோப்பை எடுத்தார். 'சொந்த ஊர்: நாகாலாந்து. அறிந்த மொழிகள்: ஆவோ நாகா, இந்தி' என்றிருந்த வரியில் ஒரு கால்புள்ளி வைத்து, 'தமிழ்' என்று சேர்த்தார்.