கடைசி நிறுத்தத்துக்கு அப்பால்

தினமும் இந்தக் கடைசி நிறுத்தத்தில் பேருந்தைத் திருப்பிக்கொண்டு நகரத்துக்கு விரையும் ஓட்டுநர், இன்று விடுப்பெடுத்து, மனைவியோடு பயணியாக இறங்குகிறார். எதிரே காட்டுப் பூங்காவின் ஈர இலைகளில் வெயில் சொட்டுகிறது. "இத்தனை வருஷமா வாசல் வரைக்கும் வந்துட்டு, உள்ள எட்டிக்கூடப் பாக்கலையா? நல்ல ஆளுதான் போங்க!" என்கிறாள் மனைவி. இன்று வண்டி ஓட்டிவந்த நண்பர் ஜன்னலில் தலையை நீட்டி, "மாப்ளே, உள்ள வழி தெரியுமா?" என்று சீண்டுகிறார். "தெரியாதுடா!" என்று பரிசு விழுந்தவர்போலக் கத்திவிட்டு ஓட்டமும் நடையுமாக உள்ளே நுழைகிறார். எங்கோ மரங்கொத்தி தட்டுகிறது. வளைவில் திடீரென ஒரு மான் குறுக்கே வந்து நிற்கிறது. அவருடைய வலது கால் தன்னையறியாமல் சருகின்மேல் பிரேக்கை அழுத்துகிறது. மனைவி பார்த்துவிடுகிறாள். மான் மிரண்டுவிடக் கூடாதே என்று இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரிக்கிறார்கள்.