தகரத் தடுப்புக்குள்

"இன்னைக்கும் அவதான் நிக்கிறா," என்றான் இருளப்பன், பஸ்ஸை விட்டு இறங்கும்போதே.

தலதா மாளிகை விகாரையில் குண்டு வெடித்ததிலிருந்து கண்டிக்குள் போகிற பஸ் எல்லாம் இந்தச் சோதனைச்சாவடியில் நிற்கும். எல்லாரும் இறங்கி, அடையாள அட்டையை நீட்டி, மறுபக்கம் போய் ஏற வேண்டும். மற்றவர்களுக்குச் சட்டென்று முடிந்துவிடும். இருளப்பனின் மனைவி பாலம்மாவை மட்டும் அந்தப் பொலிஸ்காரி தகரத் தடுப்புக்குள் கூட்டிப் போனால் லேசில் விடமாட்டாள். கிளினிக் நாள் என்றால் இதே கூத்துதான்.

பாலம்மாவின் நெஞ்சில் கட்டி வந்து, விலா எலும்போடு வெட்டியெடுத்து, முதுகுச் சதையை முன்னால் இழுத்து மூடித் தைத்திருந்தார்கள். இடது கை இன்னும் தோளுக்கு மேல் எழும்பாது. அப்படிப்பட்டவளிடம் என்னத்தைத் தேடுகிறாள்?

இருளப்பனுக்கு எல்லாமே அலுத்துப்போயிருந்தது. மடுல்கெல்லயிலிருந்து விடியற்காலை பஸ், பிறகு ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் பகல் முழுக்கக் காத்திருப்பு. ஆனாலும் ஒரு கிளினிக்கைக்கூட அவன் தவறவிட்டதில்லை. மருந்து கட்டும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வெற்றிலை போட வெளியே போய்விடுவான். காயம் பார்க்க அவனுக்கு ஆகாது.

"தமிழ் பொம்பளன்னா இப்பிடித்தான் நோண்டுவாளுக," என்று பொருமினான்.

"சும்மா ஈங்க," என்று அடக்கினார் பக்கத்தில் நின்ற கடைக்கார ஸெய்னுலாப்தீன். "வாயத் தொறந்தா பஸ்ஸே இங்க நிக்கும்."

ஒருவழியாகப் பாலம்மா வெளியே வந்தாள். கண் கலங்கியிருந்தது. அவனுக்கு அது போதும்.

"நா இன்ஸ்பெக்டர்கிட்ட போறேன். அவள இங்கேருந்து மாத்தச் சொல்றேன்."

பாலம்மா அவன் சட்டையைப் பிடித்தாள். "வேணாங்க. அவ போயிட்டா எனக்கு யாரு இருக்கா?"

"என்னா பேசுற நீ?"

"நெஞ்சுல கட்டுற பட்டி, பஸ் ஆடுற ஆட்டத்துல கழண்டுபோவுது. ஒத்தக் கையால என்னால இறுக்க முடியல. மொத நாள் சோதிக்கச் சட்டையத் தொறந்தவ, பட்டி கழண்டு கெடந்ததப் பாத்துட்டா. அன்னையிலேருந்து அவதான் கட்டிவிடுறா. இறுக்கும்போது வலிக்கும், அதான் கண்ணுல தண்ணி."

அவனுக்கு எரிச்சலாக வந்தது. "ஏன், கூடவே நா இல்லையா? எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

பாலம்மா பஸ் படியில் மெதுவாகக் கால் வைத்தாள்.

"அவ மூஞ்சியத் திருப்பிக்காம கட்டிவிடுறா."