இருபதாவது செடி

செடிக் கணக்கெடுக்க வந்த சுகந்தி கண்ணை மூடிக்கொண்டு சதுர இரும்புச் சட்டத்தைத் தோளுக்குப் பின்னால் எறிந்தாள். பத்தாவது எறி, அதுதான் கடைசி. சட்டத்துக்குள் வேர்விட்டு நிற்பதை மட்டும்தான் எண்ண வேண்டும். பத்து எறியிலும் சேர்த்து இருபது வகைச் செடி தேறினால் அந்த மேடு புல்வெளி, ஒன்று குறைந்தாலும் தரிசு. தரிசென்று எழுதிவிட்டால் மறு மாதமே மேய்ச்சலை மறித்து வேலி வந்துவிடும். இதுவரை பத்தொன்பது.

அங்கே ஆடு மேய்க்கும் நாச்சக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சட்டத்துக்குள் கடுகளவில் ஒரு நீலப்பூ. இதுவரை எண்ணாத செடி. சுகந்தி பேனாவை எடுப்பதற்குள் நாச்சக்காவின் கிடாய் அதை வேரோடு பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டது.

"அட, நாசமாப் போறவனே!"

நாச்சக்கா பாய்ந்து கிடாயைக் கால்களுக்கு நடுவே இடுக்கி, இரண்டு கையாலும் அதன் தாடையைப் பிளந்தாள். பச்சை நுரைக்கு நடுவே, நாக்கின் மேல் நீலம் ஒட்டியிருந்தது.

"பாருங்க அம்மணி, இருக்குதுங்கல்ல?"

இந்த வேலைக்கு வந்த எட்டு வருடத்தில் சட்டத்துக்கு வெளியே இருந்த எதையும் சுகந்தி எண்ணியதில்லை. செடி நின்ற இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு குழி. அதற்குள் மண் இன்னும் சரிந்துகொண்டிருந்தது.

"வெரசா எழுதுங்க அம்மணி, முழுங்கப் பாக்குதுங்க!"