காகிதம் அடைத்த பை

உணவு உதவி மையத்தில் பொட்டலம் கட்டி முடிந்ததும் உள்ளறைக்குள் ஒவ்வொருவராகத்தான் போக வேண்டும். அது மையத்தை நடத்தும் அக்கா போட்ட சட்டம்.

போய், நீல ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஒரு பையை எடுத்துக்கொண்டு வர வேண்டும். வலது அலமாரியில் இருப்பது சாமான் பை. அரிசி, பருப்பு, எண்ணெய், உருளைக்கிழங்கு. இடது அலமாரியில் இருப்பதும் அதே துணிப் பைதான், அதே பருமன்தான். உள்ளே கசக்கிய செய்தித்தாளும் காலி அட்டைப் பெட்டியும்.

சாமான் தேவைப்படாதவர்கள் இடது பக்கம் எடுத்துக்கொள்வார்கள். வெறுங்கையோடு யாரும் வாசலைத் தாண்டக் கூடாது. யார் கொடுக்க வந்தவர், யார் வாங்க வந்தவர் என்று தெருவுக்குத் தெரியக் கூடாது. உள்ளேயும் யாரும் யாரையும் கேட்கக் கூடாது.

வேலை பார்த்த பட்டறையை இழுத்து மூடிய பிறகு முதன்முதலாக இங்கே வந்த வெல்டர், இதென்ன கூத்து என்றுதான் நினைத்தான்.

அன்று பையோடு தெருவில் இறங்கியதும் பக்கத்து வீட்டுக்காரன் எதிரே வந்தான். "அட, நீயும் சேவையில இறங்கிட்டியா?" என்று தோளில் தட்டிவிட்டுப் போனான்.

கூத்து அப்போதுதான் புரிந்தது.

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் எல்லோரோடும் சேர்ந்து பொட்டலம் கட்டினான். சனிக்கிழமைதோறும் வலது அலமாரி.

இன்று இடது.

புது வேலையில் முதல் சம்பளம் வந்துவிட்டது. காலையில் மனைவி தானே கடைக்குப் போய், பேரம் பேசி, சண்டை போட்டு, பை நிறையக் காய்கறி வாங்கி வந்தாள். "இன்னிக்கு நீ காகிதத்தோட வந்தா போதும்," என்றாள். அவள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

இதை அக்காவிடம் சொல்லியாக வேண்டும்.

ஆனால் நன்றி சொல்ல அவனுக்கு வராது. போதாததற்குச் சட்டம் வேறு.

அதனால் ஒரு வழி யோசித்து வைத்திருந்தான். தெருமுனை வரை அவனும் அக்காவும் ஒரே பாதை. பையை ஒற்றை விரலில் மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி வீசி வீசி நடப்பான். இந்தப் பையைக் கண்டுபிடித்தவளே அவள்தான். புரிந்துகொள்வாள்.

கூடத்தில் வழக்கம்போல் வேலை நடந்தது. வழக்கத்தில் பாதிதான் மிச்சம். அரசு மானியம் நின்றதும் குளிர்பெட்டி போனது, பக்கத்து அறை போனது, சம்பளத்துக்கு இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். அக்கா மட்டும் சாவிக்கொத்தோடு நின்றாள்.

"வெல்டரே, பருப்பை மெதுவா அள்ளுய்யா. உன் வேகத்துக்கு அது அங்கேயே வறுபட்டுடும்," என்றார் ரிட்டயரான பஸ் கண்டக்டர்.

"நீங்க விசில் ஊதுங்க சார், நான் நிறுத்துறேன்."

அக்காவும் சிரித்தாள். "இந்த வேலையில ஒரு சௌகரியம் பாருங்க. சம்பளமே இல்ல, அதனால என்னை எவனும் வேலையை விட்டுத் தூக்க முடியாது."

கூடமே சிரித்தது. வெல்டர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். மனசு அப்படி இருந்தது.

அவன் உள்ளறைக்குப் போனபோது மற்றவர்கள் கிளம்பியிருந்தார்கள். அவனுக்குப் பின்னால் அக்கா மட்டும்தான். பூட்ட வேண்டியவள், எப்போதும் கடைசி.

வலது அலமாரியில் ஒரே ஒரு பை இருந்தது. போன வாரமும் அப்படித்தான் ஒன்றே ஒன்று இருந்தது. ஆள் கணக்குக்கு எவ்வளவு கச்சிதமாகக் கட்டியிருக்கிறோம் என்று வியந்துகொண்டே அதை எடுத்துப் போயிருந்தான்.

இன்று அதைத் தொடவில்லை. ஒரு வாரம் கெடாமல் தாங்கும் சாமான்தான், யாருக்காவது ஆகும். இடது பக்கத்துப் பையை எடுத்தான். அட, என்ன லேசு!

வாசலில் காத்திருந்தான். அக்கா தன் பையோடு வந்து கதவைப் பூட்டினாள். இருவரும் நடந்தார்கள். அவன் விரலில் பையை மாட்டிக்கொண்டு தயாரானான்.

திருப்பத்தில் காற்று குறுக்கே அடித்தது.

அவன் பை பட்டம்போல் பக்கவாட்டில் எழும்பியது. அக்காவின் பை அசையவில்லை. அவள் கையிலிருந்து நேராகக் கீழே தொங்கியது. அடிப்பக்கம் உருளைக்கிழங்கு முட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத் தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அந்த இறக்கம் அவனுக்குத் தெரியும். எத்தனையோ சனிக்கிழமை அவன் தோளும் அப்படித்தான் இறங்கியது.

போன வாரம் இவள் பை காற்றில் ஆடியதா? அவன் பார்க்கவே இல்லை.

காற்று நிற்பதற்குள் பையை இழுத்துத் தொடையோடு அணைத்துக்கொண்டான். விரலை எடுத்துவிட்டு முழுக்கையால் பிடித்தான். தோளை இறக்கினான்.

"என்ன தம்பி, நின்னுட்டே?"

பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றி, வேண்டுமென்றே பெருமூச்சு விட்டான்.

"இந்த வாரம் நல்ல கனம்க்கா."

"ஆமாப்பா," என்றாள் அக்கா. "நல்ல கனம்."