டாக்டருக்கு ஒரு நேர்முகத் தேர்வு

"இதுவரைக்கும் எத்தினி பேரு நெஞ்சப் பொளந்துகீறீங்க டாக்டர்?"

கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி கேட்டார் கலியமூர்த்தி. மறுநாள் காலை ஏழு மணிக்கு அவருக்கு இதய ஆபரேஷன். சுருங்கிப்போன வால்வை எடுத்துவிட்டு வேறு வால்வு பொருத்த வேண்டும். அம்பத்தூர் ஸ்டேஷன் மேம்பாலத்தில் நாலு படி ஏறினாலே மூச்சு முட்டியது. இன்னும் ஒரு மாதம் தள்ளினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்படியும் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் இரண்டு நாளாக மனிதர் எல்லோரையும் படுத்திக்கொண்டிருந்தார்.

"முந்நூத்திப் பன்னண்டு," என்றார் டாக்டர் கிறிஸ்துதாஸ் பொறுமையாக.

"நீங்களே பண்ணதா, இல்ல யாரு பின்னாலயாச்சும் நின்னு வேடிக்க பாத்ததா?"

மனைவி புஷ்பா தலையில் அடித்துக்கொண்டாள். உலகத்தில் ஒழுங்காக வேலை செய்கிறவன் ஒருத்தனும் இல்லை என்பது அவள் புருஷனின் தீர்மானம். ரத்தம் எடுக்க வந்த நர்ஸ் ஞானகுமாரியிடம், ஊசியைத் தன் கண்ணெதிரில் பிரிக்கவில்லை என்று தகராறு செய்து வேறு ஊசி கொண்டுவர வைத்தார். மச்சானை எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு அனுப்பி, டாக்டர் படித்த கல்லூரிக்கே போன் போட்டு விசாரித்தும் ஆயிற்று.

டாக்டர் தன் படிப்பைச் சொன்னார். எம்.பி.பி.எஸ்., எம்.எஸ்., அதற்கு மேல் இதயம், நெஞ்சு அறுவைக்கென்றே மூன்று வருடம். முதல் வருடம் முழுக்கப் பெரிய டாக்டரின் பக்கத்தில் நின்று, அவர் பிளந்த நெஞ்சை விரித்துப் பிடித்ததுதான் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூந்தமல்லி கறிக்கடையில் ஆட்டு இதயம் வாங்கிவந்து தையல் பழகியிருக்கிறார். ஒவ்வொன்றையும் பெரிய டாக்டர் பார்த்து நோட்டில் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வேலையைத் தொட முடியும்.

கலியமூர்த்தி உதட்டைப் பிதுக்கினார்.

"கையெழுத்து கதையெல்லாம் நம்மகிட்ட வாணாம் டாக்டர். எவன் பாத்துட்டுப் போடறான்? குனிஞ்ச தல நிமிராம மொத்தமா போட்டுத் தள்ளுவான். அந்த ஆளு நெசமாவே ஒங்க தையல பாத்தாரா?"

டாக்டரின் முகம் சிவந்தது. ஒரு முடிச்சு தளர்வாக இருக்கிறதென்று பதினோரு தடவை அவிழ்க்க வைத்தவர் அவர் என்றார். கலியமூர்த்தி புஷ்பாவைப் பார்த்து நமட்டுச் சிரிப்பு சிரித்தார். பதினோரு தடவை தப்பு செய்த ஆளிடம் மாட்டிக்கொண்டோம் என்பது அந்தச் சிரிப்பின் பொருள்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கடைசியா ஒண்ணு சொல்றேன். இதயத்துலேர்ந்து கிளம்பற பெரிய ரத்தக்குழாய கிளாம்ப்னு ஒரு இடுக்கியால இறுக்கிப் பிடிப்போம். ஒரு மணி நேரத்துக்கு அது நழுவவே கூடாது. நழுவினா ஆள் போயிடும், நான் என்ன படிச்சிருந்தாலும் பிரயோஜனமில்ல. முன்னாடி வெளிநாட்டு கிளாம்ப் வச்சிருந்தோம். இப்ப அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி ஒண்ணுலயே செய்யறாங்க. ஒவ்வொண்ணையும் நூறு தடவ திறந்து மூடி சோதிச்சவர், அதுல தன் நம்பரப் பொறிச்சு அனுப்பறார். பதினேழு. அந்த நம்பர் இல்லாத கிளாம்ப்ப நான் கையால தொடமாட்டேன். நாளைக்கு உங்களுக்குன்னு புதுசாவே ஒண்ணு பிரிக்கிறோம். போதுமா?"

கலியமூர்த்தி சம்மணத்தைக் கலைத்துக் காலைத் தொங்கப் போட்டார். ஒருவழியாக மனிதர் அடங்கினார் என்ற நிம்மதியோடு, படிவத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு டாக்டர் அடுத்த வார்டுக்குப் போனார்.

புஷ்பாவுக்கு வாயெல்லாம் பல்.

"ஏங்க, பதினேழு ஒங்க நம்பராச்சே. கம்பெனில நீங்களே செக் பண்ணி அனுப்பனது. இனிமே இன்னாத்துக்கு பயம், போடுங்க கையெழுத்த," என்று பேனாவை நீட்டினாள்.

மூன்று வருடமாக ஒரு கிளாம்ப்பைக்கூடத் திறந்து பார்க்காமல் பெட்டி பெட்டியாகப் பதினேழு அடித்துத் தள்ளிய கலியமூர்த்தி, வேர்த்துக் கொட்டிய முகத்தோடு, "மொதல்ல அந்த டாக்டர இட்டுகினு வா. ஃபாரின் கிளாம்ப் ஏதாச்சும் பழசு கீதான்னு கேக்கணும்," என்றார்.